தேங்காய் நிமிர்ந்த காரணம்

அத்தியாயம் 9

உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தால், அடியில் நீரோட்டம் இருக்கும் இடத்தில் அது குடுமியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும். எல்லோர் கையிலும் நிமிராது. லோகப்பிரியாவின் கையில், அவளுக்குப் பதினெட்டு முடிந்த வாரத்திலிருந்து நிமிர்கிறது. கிணத்துக்கடவு முழுக்க இந்தச் சேதி தெரியும்.

தெரியாத சேதி ஒன்றும் உண்டு. அதை அவளே வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தாள். சட்னிக்கு உடைக்க எடுத்த தேங்காய், சமையலறையில், சிமெண்ட் தரைக்கு மேலே, அவள் கையிலேயே சட்டென்று எழுந்து நின்றது. திடுக்கிட்டு ஜன்னல் வழியே பார்த்தால், சாய்சரண் வாசல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான். மறந்து விட்டுப்போன ஒயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பியதும், தேங்காய் மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

பொதுவாக ஒரு பெண்ணுக்கு ஒருவன் மேல் மனம் போனால், கொஞ்ச நாளைக்காவது அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கும். லோகுவுக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை.

சாய்சரண் கோபிச்செட்டிபாளையத்துப் பையன். கோயமுத்தூரில் நிலவியலில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். நாலு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, ஒயர் மாட்டி, மீட்டரில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு தண்ணீர் எங்கே என்று சொல்வது அவனுடைய ப்ராஜெக்ட். வந்த பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் லோகுவின் அப்பா தம்பிதுரை தோட்டத்துக்குள் விட்டிருந்தார். மற்றபடி அவருக்கு நம்பிக்கை மகள் கையில்தான்.

அந்த நம்பிக்கையில்தான் வம்பே வந்தது. போன புதன்கிழமை மேற்குப் பக்கம் பாறைக் குவியல் ஓரமாகத் தேங்காய் நிமிர்ந்தது. தம்பிதுரை அங்கேயே சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வேப்பங்குச்சி நட்டுவிட்டார். அந்த நேரம் அவளுக்கு இரண்டடி பின்னால் சாய்சரண் ஒயர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான்.

லோகுவின் கையில் தேங்காய் நிமிரத் தொடங்குமுன்பே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் தண்ணீர் இல்லாமல் வெறும் கல்தூள் புகைதான். முந்நூறு தென்னை, மட்டை தொங்கிப்போய் நின்றன. "மூணாவதும் புகைன்னா தோப்பை வெட்டிச் சைட்டுப் போட்டுருவேன், அப்பறம் யாரும் எங்கிட்டப் பேச வேண்டாம்" என்று தம்பிதுரை சொல்லிவிட்டார். அவர் ஒரு முறைதான் சொல்வார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. போர் போட ஒன்பது மணிக்கு ரிக் வண்டி வருகிறது.

ஆறரை மணிக்கே லோகு தேங்காயுடன் சுண்ணாம்பு வட்டத்தில் போய் நின்றாள். தேங்காய் அசையவில்லை. முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி. ம்ஹூம். வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தூங்குகிற குழந்தை மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது. அப்பா இங்கேதான் குழி போடப்போகிறார்.

தூரத்தில் ஒரு பைக் சத்தம். தேங்காய் லேசாகத் தலையைத் தூக்கியது.

"வேண்டாம், படு" என்றாள் லோகு. அது கேட்கிற வகையில்லை. பைக் தோட்டத்து இட்டேரிப் பாதைக்குள் திரும்பியபோது பாதி எழுந்திருந்தது. கேட்டருகில் நின்றபோது முழுதாக நிமிர்ந்துவிட்டது. அவள் அவசரமாக அதைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தாள்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்களா?" என்றான் சாய்சரண், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. சிரித்தால் அவனுக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழியும். அதை லோகு முன்பே பார்த்திருக்கிறாள். பார்க்கக்கூடாது என்று முடிவு செய்த பிறகும் பார்த்திருக்கிறாள்.

"என்ற தோட்டத்துக்கு நான் வரக்கூடாதுங்களா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். துப்பட்டாவுக்குள் குடுமி அவன் பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது.

ரிக் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. கூடவே கம்ப்ரசர் லாரி, ராடு லாரி. ரிக் மேனேஜர் மோகன்குமாருக்கு நிற்க நேரமில்லை. "பாயிண்டக் காட்டுங்ணா. நாளைக்கு விடியக் காலைல உடுமலைல இருக்கோணும்" என்றார்.

லோகுவின் அம்மா பூவாத்தாள் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தாள். லாரி பின்னால் வந்து சுண்ணாம்பு வட்டத்தின் மேல் நின்றது. துளை போடும் மாஸ்ட் கம்பம் மெதுவாக மேலே எழும்பியது. இனி கற்பூரம் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

"அப்பா, ஒருக்காப் பாத்துப்போடலாமுங்க" என்றாள் லோகு. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன அம்மணி?"

"பாயிண்ட்டுங்கப்பா. இன்னொருக்கா."

தம்பிதுரைக்குப் பெருமைதான். "பாரு கண்ணு, பாரு. இவிகளும் பாக்கட்டும்" என்று ரிக் ஆட்களையெல்லாம் விலக்கி வழிவிட்டார். லோகு உள்ளங்கையில் தேங்காயை வைத்தாள். வைத்த கையோடு அது எழுந்து நின்றது. ரிக் ஆட்கள் 'ஓ'வென்று கூவினார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

"பாத்தீங்களா மோகன்குமாரு! இதுக்கு மேல என்ன வேணும்?"

சாய்சரண் மூன்றடி தள்ளி, கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் மானம் பிழைக்கும். தோப்பு பிழைக்காது. லோகு தென்னைகளைப் பார்த்தாள். அவள் ஒண்ணாம் வகுப்பு போகும்போது அவளுடைய உயரத்தில் இருந்த கன்றுகள் அவை.

"ஏனுங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். "நீங்க சித்த அக்கட்டால போங்க."

"நானுங்களா?"

"ஆமாங்க. அந்தச் சொட்டுநீர்க் குழாய் வரைக்கும்."

அவன் போனான். தேங்காயின் குடுமி அவன் போன திசையில் சாய்ந்தது. "இப்ப இக்கட்டால வாங்க" என்றாள். அவன் இடமிருந்து வலமாக நடந்தான். குடுமியும் இடமிருந்து வலமாக வந்தது. கூவிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்ப்ரசர் டிரைவர் மட்டும் அடக்கமாட்டாமல் சிரித்து, அதை இருமலாக மாற்றப் பார்த்தார்.

முதலில் புரிந்துகொண்டவள் பூவாத்தாள். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது தண்ணியப் பாத்து நிமிரலீங்கப்பா" என்றாள் லோகு. சொல்ல ஆரம்பித்ததும் குரல் தானாகத் தெளிந்துவிட்டது. "இவரைப் பாத்து நிமிருது. புதங்கெழமையும் அப்படித்தான். இங்க தண்ணி இல்லீங்க. இவரு நின்னாரு, அவ்வளவுதான். எனக்கு வெள்ளிக்கெழமையே தெரியும். சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு. இங்க போர் போடாதீங்கப்பா."

தம்பிதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கோபம் வந்தாலும் அதைத்தான் செய்வார், சந்தோஷம் வந்தாலும் அதைத்தான் செய்வார். அதனால் பதினெட்டு வருஷம் கூடவே இருந்த மகளுக்குக்கூட ஒன்றும் விளங்கவில்லை.

"ஏனுங்க மாமா" என்றான் சாய்சரண். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது, காது சிவந்துவிட்டது. "நானும் ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. என்ற மீட்டரும் அப்படித்தானுங்க."

"எப்படி?"

"இவங்க பக்கத்துல வந்தா நம்பர் தாறுமாறா ஓடுதுங்க. மீட்டர் ரிப்பேருன்னு காலேஜ்ல சொல்லி மூணு மீட்டர் மாத்தீட்டனுங்க. மூணும் அப்படியே. இவங்க காலேஜுக்குப் பஸ் ஏறிப் போனதும் ஒழுங்கா ஓடுதுங்க. அதனாலதான் சும்மா சும்மா வந்து வந்து அளந்துட்டு இருந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதனால மட்டும் இல்லீங்க" என்றும் சேர்த்துக்கொண்டான்.

லோகுவின் கையில் தேங்காய் இன்னும் நிமிர்ந்தே நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதுவும் ஒளித்து வைக்க முடியாத அளவுக்கு. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் நிமிர்ந்து நின்றாள்.

"நல்லாருக்குது கதை" என்றார் மோகன்குமார். "தேங்காயும் போச்சு, மிஷினும் போச்சு. நான் எங்கீங்ணா ஓட்டை போடறது? இல்லீன்னா மாஸ்ட்டை எறக்கட்டுமா?"

தம்பிதுரை தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூவாத்தாள்தான் முன்னால் வந்தாள்.

"ரெண்டும் எங்கீங்க போச்சு? ரெண்டு பேரும் பக்கம் பக்கமா இருந்தாத்தான வம்பு? இந்தத் தம்பிய வெளிய அனுப்பிப்போட்டு புள்ள பாக்கட்டும். அப்பறம் புள்ளைய நான் கூட்டீட்டுப் போயர்றேன், தம்பி பாக்கட்டும். ஒருத்தரு பாத்தது இன்னொருத்தருக்குத் தெரிய வேண்டாம். ஒத்து வந்தாப் போடலாம்."

மோகன்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பூவாத்தாளைப் பார்த்தார். "அக்கா சொல்றது சரியாத்தான் இருக்குது" என்று லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இந்தக் கூத்தைப் பாதியில் விட்டுப் போக மனமில்லை.

சாய்சரண் பைக்கில் கிளம்பினான். செல்போனை ஸ்பீக்கரில் போட்டுத் தம்பிதுரை பிடித்துக்கொண்டார்.

"மெயின் ரோட்டுக்கு வந்துட்டனுங்க. அடங்கிருச்சுங்களா?"

"இல்ல. போங்க."

"மேம்பாலம் தாண்டியாச்சுங்க."

"இன்னும் போங்க தம்பி."

"பொன்மலைக் கோயிலுக்கு அந்தப் பக்கம் வந்துட்டனுங்க!"

காலையில் பைக் சத்தத்துக்குத்தான் தலையைத் தூக்கிய தேங்காய், எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு, நாலு கிலோமீட்டர் தாண்டித்தான் ஒரு வழியாகப் படுத்தது. "நாலு கிலோமீட்டரா!" என்று பூவாத்தாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் கவலையும் இருந்தது, ஒரு வகை வியப்பும் இருந்தது.

லோகு தோப்புக்குள் தனியாக நடந்தாள். இத்தனை நாளும் அவன் எங்கே நிற்கிறான், என்ன நினைக்கிறான் என்று பாதி மனம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. காலடி மண் முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வரிசை, இரண்டு வரிசை, ஏழு வரிசை. தேங்காய் அசையவில்லை. தண்ணீரைப் பார்த்து அது ஒரு தடவைகூட எழுந்ததில்லையோ என்றுகூட அவளுக்குப் பயம் வந்தது. கிழக்கே மாடு கட்டும் கட்டுத்தாரைக்குப் பின்னால், மாட்டுச்சாணம் கொட்டும் குழியை ஒட்டி வந்தபோது உள்ளங்கை குளிர்ந்தது. இது வேறு மாதிரி இருந்தது. துள்ளல் இல்லை, பரபரப்பு இல்லை. தேங்காய் நிதானமாக, கனமாக எழுந்து, அப்படியே நின்றது.

"அப்பா" என்றாள். தோப்பு ஓரத்தில் நின்றிருந்தவர் ஓடி வந்தார்.

தம்பிதுரை அந்த இடத்தில் ஒரு சின்னக் குச்சியை மண் மட்டத்துக்கு அடித்து, மேலே காய்ந்த மட்டைகளைப் பரப்பி மறைத்தார்.

அடுத்தது லோகு வெளியே போகும் முறை. பூவாத்தாள் ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் லோகு, மடியில் தேங்காய். அதை வைத்துவிட்டு வர மறந்திருந்தாள். மெயின் ரோட்டில், திரும்பி வந்துகொண்டிருந்த சாய்சரணின் பைக் எதிரே வந்து கடந்தது. மடியில் பாதி எழுந்திருந்தது விசுக்கென்று முழுதாக நிமிர்ந்து பூவாத்தாளின் முதுகில் ஓர் இடி இடித்தது.

"அதைப் பொட்டாட்ட இருக்கச் சொல்லு கண்ணு! வண்டி ஓட்டறதா வேண்டாமா நானு?"

லோகுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முதுகும் குலுங்குவதைப் பார்த்தாள். இரண்டு பேரும் கோவில்பாளையம் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்கள். அங்கே ஒரு பேக்கரியில் பூவாத்தாள் டீயும் தேங்காய் பன்னும் வாங்கினாள். லோகு பன்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மறுபடி ஒரு சுற்றுச் சிரிப்பு.

சிரித்து ஓய்ந்ததும் பூவாத்தாள் கேட்டாள். "அவனைப் புடிச்சிருக்குதா, இல்ல தேங்காய் சொல்லுச்சுன்னு சொல்றியா?"

இதை லோகு தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை.

"தேங்காய்க்கு முன்னாலயே புடிச்சிருச்சும்மா. மொத நாளு வந்தப்ப, நம்ம மாடு அவரோட நோட்டைத் தின்னுபோடுச்சில்ல? மூணு மாசத்துக் கணக்கெல்லாம் அதுல இருந்துச்சாம். அவரு மாட்டைத் திட்டலை. நோட்டு மாட்டு வயித்துக்கு ஒத்துக்குமான்னு எங்கிட்டக் கேட்டாரு."

பூவாத்தாள் மகளின் முகத்தையே பார்த்தாள். "படிப்ப விட்டுப்போட்டு வந்து நின்னீன்னா, தேங்காயை உன்ற தலைலதான் ஒடைப்பேன்" என்றாள். ஆனால் பன்னில் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அப்பா என்னம்மா சொல்லுவாரு?"

"ரோசனை பண்றாரு. திட்டறதுன்னா அப்பவே திட்டீருப்பாரு."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் போன் வந்தது. "வாங்க" என்று ஒரே சொல். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

வந்து பார்த்தால், கட்டுத்தாரைக்குப் பின்னால் சாய்சரணின் சிவப்புக் கொடி ஒன்று நட்டிருந்தது. தம்பிதுரை எல்லோர் முன்னாலும் மட்டைகளை விலக்கினார். கொடிக்கும் குச்சிக்கும் நடுவே மூன்று எட்டு தூரம்கூட இல்லை.

லோகு தரையையே பார்த்தாள். சாய்சரண் குச்சியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்புறம் சொல்லாமலே பின்னால் நகர்ந்து நகர்ந்து முப்பது அடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

"எதுலங்ணா போடட்டும்? குச்சியா, கொடியா?" என்றார் மோகன்குமார்.

தம்பிதுரை இரண்டையும் பார்த்தார். "ரெண்டுக்கும் நடுவால போடுங்க."

பன்னிரண்டு மணிக்கு ஓட்டை போட ஆரம்பித்தார்கள். நூறு அடி, புகை. முந்நூறு அடி, புகை. கட்டுத்தாரை, மாடு, மனிதர்கள் எல்லோரும் வெள்ளையாகிவிட்டார்கள். ஐந்நூறு அடியில் மோகன்குமார் விரலைத் தூக்கிக் காட்டி, போதுமா என்று சைகையில் கேட்டார். தம்பிதுரை மகளைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள். வேண்டாம், நிறுத்த வேண்டாம்.

அறுநூற்று நாற்பதில் புகை சட்டென்று நின்றது. மண் நனைந்து கட்டி கட்டியாக வந்தது. பிறகு ஒரு சீற்றம். அப்புறம் தண்ணீர்! ரிக்கின் பாதி உயரத்துக்கு எழுந்து, சேறும் நுரையுமாக எல்லோர் தலையிலும் கொட்டியது. பூவாத்தாள் குலவை போட்டாள். ரிக் ஆட்கள் ஆடினார்கள். "மூணு இஞ்ச்சுத் தண்ணிக்குக் கொறையாதுங்ணா!" என்று மோகன்குமார் கத்தினார்.

தம்பிதுரை தண்ணீருக்குக் கீழே போய்ச் சட்டையோடு நின்றார். முகத்தில் வழிந்தது முழுக்கப் போர்த் தண்ணீர்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. லோகு ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

திடீரென்று அவர் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தம்பி எங்க?"

முப்பது அடி தள்ளி, யாரும் கூப்பிடாததால், சொட்டு ஈரம் படாமல் சாய்சரண் நின்றுகொண்டிருந்தான். அவன் மட்டும்தான் இன்னும் புழுதியில் வெள்ளையாக இருந்தான்.

"அட, வாங்க தம்பி! இனி எதைக் கெடுக்கப் போறீங்க?" என்றார் தம்பிதுரை.

அவன் ஓடி வந்தான். லோகுவுக்குப் பக்கத்தில், ஒரு முழம் இடைவெளி விட்டு, அதே தண்ணீருக்குக் கீழே நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் நேராகவே பார்த்தாள். ஒரு பக்கக் கன்னத்தில் குழி, அதில் நிறையச் சேறு.

நாலு மணிக்கு ராடுகளை மேலே எடுத்து முடித்தபோது, தம்பிதுரை தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "உங்க அப்பா நம்பரக் குடுங்க தம்பி."

எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு எல்லா வேலையும் நின்றது. சாய்சரண் எண்ணைச் சொன்னான். இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். தம்பிதுரைக்குக் கை ஈரம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, நான் கிணத்துக்கடவு தம்பிதுரை பேசறேனுங்க. உங்க பையன் எங்க தோட்டத்துக்குத் தண்ணி பாக்க வந்துட்டு இருந்தாருங்க. இன்னிக்குத் தண்ணி வந்துருச்சு, மூணு இஞ்ச்சு. நெம்ப சந்தோசமுங்க."

"அப்படீங்களா! நல்லதுங்க, நல்லதுங்க" என்றது மறுமுனை.

"இன்னொண்ணும் சொல்லோணுமுங்க. உங்க பையனை இனி இங்க அனுப்ப வேண்டாமுங்க."

பூவாத்தாள் லோகுவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க? எதாச்சும் தப்புப் பண்ணீட்டானுங்களா?"

"தப்பெல்லாம் இல்லீங்க. என்ற புள்ள மொத வருசம் படிக்குது. இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க. அது முடியட்டும். முடிஞ்சதும் நீங்களே கூட்டீட்டு வாங்க. ஊட்டோட வாங்க. அப்ப உக்காந்து பேசலாமுங்க."

சாய்சரண் பக்கத்திலிருந்த தென்னையைப் பிடித்துக்கொண்டான். லோகு சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் என்றாலும் அவள் அந்த நிமிஷத்தில் சரி என்றிருப்பாள்.

தம்பிதுரை சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். "நீங்க நம்ப மாட்டீங்க. என்ற புள்ள கைல இருக்கற தேங்காய் உங்க பையனைக் கண்டா எந்திரிச்சு நின்னுக்குதுங்க. உங்க பையன் மிஷினும் அப்படியேதான். ஒலகத்துல இப்படி எங்காச்சும் கேட்டிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. பேசியபோது சாய்சரணுடைய அப்பாவின் குரல் தாழ்ந்து, ஏதோ உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் இருந்தது.

"எங்க ஊட்டுல இருக்கற மாதிரியே, உங்க புள்ளைக்குமா?" என்றார் அவர்.